மகளுக்கு மரபணு இருக்கிறது; நோய் இருக்கிறதா?

வாசகர் கடிதத்திலிருந்து:

"சொந்த ஊர் கும்பகோணம். கணவரின் வேலைக்காகப் பதினான்கு வருடமாக ஃபரிதாபாத்தில் இருக்கிறோம். பதினொரு வயது மகன் உயரமே கூடாமல், வயிறு உப்பலும் சோகையுமாக இருந்தான். ஐந்து மாதம் முன்பு, கோதுமை ஒத்துக்கொள்ளாமல் குடல் கெடும் சீலியாக் நோய் என்று உறுதி செய்தார்கள். ரத்தத்தில் டிடிஜி ஐஜிஏ என்ற ஆன்டிபாடி 300-க்கு மேல் இருந்தது; 20-க்குள் இருக்க வேண்டுமாம். பயாப்ஸியும் எடுத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் கோதுமையைத் தொடுவதில்லை. இப்போது அவனுக்கு 110. போன மாதம் ஆறு வயது மகளுக்கும் கணவருக்கும் மரபணு பரிசோதனை செய்தோம். மகளுக்கு டிக்யூ2.5 பாசிட்டிவ், அவளுடைய டிடிஜி நார்மல். கணவருக்கு டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லை. எனக்குச் செய்யவில்லை. செய்யாமலே தெரிந்துவிட்டதே! 'எங்க பக்கத்துல இப்படி ஒரு வியாதியைக் கேள்விப்பட்டதே இல்ல' என்கிறார் மாமியார். மகனுக்குத் தாய்ப்பால் ஐந்து மாதத்தில் நின்றுவிட்டது, ஆறாம் மாதமே கோதுமைக் கஞ்சி கொடுத்தேன். எல்லாம் என்னால்தானா? மகளுக்கும் ஆயுள் முழுக்கக் கோதுமையை நிறுத்திவிடவா? எட்டு வருடமாக இரும்புச்சத்து மாத்திரையில் ஓடுகிற உடம்பு என்னுடையது. இதையெல்லாம் தாங்க முடியாமல்தான் எழுதுகிறேன்."

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகள் மகனையும் மகளையும் பற்றியவை. ஆனால் படித்து முடித்ததும் எனக்கு அதிகமாகக் கவலை தந்தது, கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் மனதை அரிக்கிற கேள்வி.

கோதுமைக் கஞ்சியும் தாய்ப்பாலும் இந்த நோய்க்குக் காரணமில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் சீலியாக் உள்ள குடும்பங்களில் பிறந்த, இதற்கான மரபணு உள்ள 944 குழந்தைகளை வைத்து இதையே சோதித்துப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வெளியானது. நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை ஒரு பாதிக் குழந்தைகளுக்குக் கோதுமைப் புரதமான குளூட்டனைச் சிறிதளவும், மறுபாதிக்குக் குளூட்டன் இல்லாத வெறும் பொடியும் கொடுத்தார்கள். மூன்று வயதில் பார்த்தால் இரு பக்கமும் நோய் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்திருந்தது. எத்தனை மாதம் தாய்ப்பால் குடித்தார்கள் என்பதும் வித்தியாசம் எதையும் தரவில்லை. இத்தாலியில் நடத்தி அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வில், குளூட்டனை ஒரு வயது வரை தள்ளிப்போட்டார்கள். அப்படிச் செய்த குழந்தைகளுக்கு நோய் சற்றுத் தாமதமாக வந்ததே ஒழிய, ஐந்து வயதில் கணக்கு ஒன்றாகிவிட்டது. ஆறாம் மாதம் கஞ்சி கொடுத்த எந்தத் தாயும் இதற்காகத் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி மரபணு. மகளின் ரிப்போர்ட்டில் உள்ள டிக்யூ2.5 என்பது எச்எல்ஏ என்ற மரபணுக்களில் ஒரு வகை. எச்எல்ஏ என்பது நோயைத் தருகிற மரபணு என்று பலர் நினைக்கிறார்கள். நம் உடம்பில் எல்லோருக்கும் எச்எல்ஏ உண்டு. அது ஆறாம் குரோமோசோமில் இருக்கிறது. அது உண்டாக்கும் புரதங்களை ஒரு தாம்பாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்குள் வருகிற பொருளின் துணுக்கைத் தாம்பாளத்தில் வைத்து, 'இது யார், பார்' என்று காவலில் இருக்கும் டி-செல்லிடம் நீட்டுவதுதான் அதன் வேலை. தாம்பாளங்களில் பல வடிவங்கள் உண்டு. டிக்யூ2.5 (டிக்யூ2-ல் ஒரு வகை), டிக்யூ8 என்ற வடிவங்களில் கோதுமைப் புரதத்தின் துணுக்கு கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. மற்ற வடிவங்களில் அது நிற்பதில்லை. மரபணுவின் பங்கு பெரும்பாலும் இவ்வளவுதான்.

அந்தத் துணுக்கு எப்படி அங்கே வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் இருக்கும் டிடிஜி என்ற எழுத்துகளுக்கு அப்போதுதான் பொருள் புரியும். குளூட்டனில் உள்ள கிளையாடின் என்ற புரதத்தில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மிக அதிகம். நம் செரிமான நொதிகளால் அதை முழுமையாக வெட்ட முடியாது. 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு வயிற்றையும் சிறுகுடலையும் தாண்டியும் வெட்டுப்படாமல் மிஞ்சுகிறது என்பதை 2002-ல் கண்டார்கள். இது உங்களுக்கும் எனக்கும் எல்லோருக்கும் நடப்பதுதான். குடல் சுவருக்குள் டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அதன் சுருக்கம்தான் டிடிஜி. காயத்தை ஆற்ற, திசுக்களைக் கோத்து ஒட்டவைக்கும் நல்ல வேலைக்காரன் அது. ஆனால் இந்தக் கிளையாடின் துண்டைப் பார்த்தால் அதிலுள்ள குளூட்டமினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. துண்டுக்கு எதிர்மின்னேற்றம் வருகிறது. டிக்யூ2, டிக்யூ8 தாம்பாளங்களின் குழிவு அந்த மின்னேற்றத்தையே விரும்பிப் பிடிக்கும். பிடித்த துண்டை டி-செல்லிடம் நீட்டுகிறது. டி-செல் அதை எதிரி என்று முடிவு செய்துவிட்டால், அங்கிருந்து கலவரம். அதன் முடிவில் குடலின் உள்பக்கம் விரல் விரலாக நீண்டு சத்தை உறிஞ்சும் மெல்லிய நீட்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. மகனின் பயாப்ஸியில் பார்த்தது அதைத்தான்.

கோதுமைத் துண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பாவத்துக்காக டிடிஜி நொதியையும் உடம்பு எதிரியாக எண்ணி, அதற்கு எதிராக ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. ரத்தப் பரிசோதனை அளப்பது அவற்றைத்தான். சீலியாக்கில் உடம்பு தாக்குவது இந்த நொதியைத்தான் என்று கண்டுபிடித்த ஆண்டு 1997. என் பார்வையில் இந்த நோயின் வரலாற்றில் அதைவிட நோயாளிக்கு உதவிய கண்டுபிடிப்பு அதற்குப் பின் வரவில்லை; ஒரு குழாய் ரத்தத்தில் ஒரு பிள்ளையின் பல ஆண்டுத் துன்பத்துக்குக் காரணம் தெரிந்துவிடுகிறதே.

இந்த டிக்யூ2, டிக்யூ8 தாம்பாளங்களை நம்மில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் சுமந்துகொண்டிருக்கிறோம். அவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்குத்தான் வாழ்நாளில் சீலியாக் வருகிறது. மற்றவர்கள் தினமும் பரோட்டா சாப்பிட்டாலும் குடலுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரே மரபணுக்களைக் கொண்ட ஒற்றைக்கரு இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராத ஜோடிகள் உண்டு. ஆகவே மகளின் 'பாசிட்டிவ்' என்ற சொல் அவளுக்கு நோய் இருக்கிறது என்று சொல்லவில்லை. வரப்போகிறது என்றும் சொல்லவில்லை. வர வாய்ப்புள்ளவர்களில் ஒருத்தி என்று மட்டுமே சொல்கிறது. இந்தப் பரிசோதனையின் முழு மதிப்பு 'இல்லை' என்று வரும்போதுதான். இரண்டும் இல்லாதவருக்குச் சீலியாக் வருவது மிக மிக அரிது. அவரை மறுபடி மறுபடி சோதிக்க வேண்டியதில்லை. லேப்காரர்கள் 'பாசிட்டிவ்' என்பதைச் சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கொடுத்து வீட்டையே கலங்கடிப்பது எனக்குக் கோபம் தருகிறது.

உங்கள் கணவரின் ரிப்போர்ட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏனெனில் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டிருக்கிறீர்கள். டிக்யூ2.5 என்ற தாம்பாளம் ஒரே துண்டில் செய்தது அல்ல. ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு பாதிகள் சேர்ந்தது. பலருக்கு இரண்டு பாதிகளும் ஒரே பெற்றோரிடமிருந்து வருகின்றன. சிலருக்கு அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி வந்து பிள்ளையின் உடம்பில்தான் முழுத் தாம்பாளமே உருவாகிறது. ஆல்ஃபா பாதியை மட்டும் வைத்திருக்கும் ஒருவருக்குப் பல லேப்கள் 'டிக்யூ2 இல்லை' என்றே எழுதிக் கொடுத்துவிடும். அதோடு, எச்எல்ஏ தவிர வேறு 40-க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் இந்த நோய்க்குச் சிறிது சிறிதாகத் துணை போகின்றன. அவை எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை வந்தன என்று உங்கள் லேப் பார்க்கவே இல்லை. கணவரின் ரிப்போர்ட் அவருக்குச் சீலியாக் வர வாய்ப்பில்லை என்று சொல்கிறது, அது நல்ல சேதி. பிள்ளைகளுக்கு அவர் பங்கு எதுவும் இல்லை என்று அது சொல்லவில்லை. உங்களிடமிருந்தே வந்திருந்தாலும்தான் என்ன? பிள்ளையின் மூக்கும் முழியும் வந்த வழியிலேயே இதுவும் வந்தது. அதில் பழி எங்கே இருக்கிறது?

இப்போது மகள். இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். அவளுடைய டிடிஜி நார்மல் என்று வந்ததை நம்ப வேண்டாம். தவறு லேபில் இல்லை. நான்கு மாதமாகக் கோதுமை சாப்பிடாத குழந்தையிடம் அந்த ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். குளூட்டன் உள்ளே போகாவிட்டால் கலவரம் அடங்கும், ஆன்டிபாடி குறையும். நோய் உள்ள பிள்ளைக்கும் அப்போது நார்மல் என்று வரலாம். வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்த அன்றே மற்றவர்களுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு உணவை மாற்றியிருக்க வேண்டும். இதை உங்களுக்கு யாராவது அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது உங்கள் பிழை அல்ல.

சீலியாக் உள்ளவரின் உடன்பிறந்தவர்களை எடுத்துக்கொண்டால், பல நாட்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கின்படி, சகோதரிகளில் ஏழு பேரில் ஒருவருக்கு நோய் இருக்கிறது. சகோதரர்களில் பதினாறு பேரில் ஒருவருக்கு. ஏழில் ஒன்று என்பது தள்ளிவிடக்கூடிய எண் இல்லை. ஆறு பேருக்கு இல்லை என்பதும் அதே எண்ணுக்குள்தான் இருக்கிறது. அந்த ஆறில் ஒருத்தியாக அவள் இருந்தால், பிறந்தநாள் கேக்கும் பள்ளிக்கூட வாசல் சமோசாவும் இல்லாத வாழ்க்கையைக் காரணமே இல்லாமல் அவளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அந்த ஏழாவது ஆளாக இருந்தாலோ, நோய் உறுதியாகத் தெரிந்து, கண்டிப்பான உணவுமுறையில் இருக்க வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று அரைகுறையாக நிறுத்துவது இரண்டு வழியிலும் அவளுக்குத் தீங்குதான்.

ஆகவே அவளுடைய குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மறுபடி கோதுமை கொடுங்கள். தினமும் ஒரு வேளைக்கு மேல் இருக்கட்டும். குறைந்தது ஆறு வாரம். பெரிய அளவு தேவையில்லை, காலையில் ஒரு பிரெட், மதிய டப்பாவில் ஒரு சப்பாத்தி போதும். வீட்டில் ஆட்டா பிசைய வேண்டாம். மாவு காற்றில் பறந்து மகனின் தட்டில் விழும். வெளியில் செய்ததை வாங்கி, அவளுக்கென்று தனித் தட்டில் கொடுங்கள். இடையில் கடும் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் ஆறு வாரம் வரை பொறுத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பிறகு டிடிஜி ஐஜிஏ எடுக்கும்போது, கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு உடம்பில் ஐஜிஏ வகை ஆன்டிபாடியே போதிய அளவு உருவாகாது. அவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் டிடிஜி ஐஜிஏ நார்மல் என்றுதான் காட்டும். அப்படி இருந்தால் ஐஜிஜி வகைப் பரிசோதனை செய்ய வேண்டும். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் மொத்த ஐஜிஏ இல்லை. ஆறு வாரத்துக்குப் பின்னும் நார்மல் என்றால் அவள் எல்லோரையும்போலச் சாப்பிடட்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை. இடையில் உயரம் நின்றாலோ சோகை வந்தாலோ உடனே. மரபணு பரிசோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டியதே இல்லை, அது மாறாது.

மகனுக்கு 300-க்கு மேல் இருந்தது ஐந்து மாதத்தில் 110-க்கு இறங்கியிருப்பது நல்ல இறக்கம். அவ்வளவு உயரத்தில் ஆரம்பித்தவர்களுக்கு நார்மலுக்கு வர ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். மனம் தளர வேண்டாம். ஆனால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். வடநாட்டில் எல்லோரும் சப்பாத்தியைத்தான் கண்காணிப்பார்கள். நம் சமையலில் ஒளிந்திருக்கும் கோதுமை அவர்களுக்குத் தெரியாது. முதலில் பெருங்காயம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், அதில் பிசினோடு கோதுமை மாவு அல்லது மைதா கலப்பது வழக்கம். தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் போகிறது. லேபிளைப் பாருங்கள், அரிசி மாவு கலந்த வகையும் கிடைக்கிறது. ரவா தோசையையும் சேமியாவையும் நீங்களே நிறுத்தியிருப்பீர்கள். மால்ட் என்று எழுதிய சத்துபானங்கள் வாற்கோதுமையில் செய்தவை, அவையும் கூடாது. கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாம் இயல்பில் பாதுகாப்பானவை. ஆனால் மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால் உங்கள் ராகியிலும் அது வந்துவிடும். நாள் ஒன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன், அதாவது ஒரு சிட்டிகை மாவு, மாதக்கணக்கில் போனால் குடலைக் கெடுக்கும் என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தானியத்தைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைப்பது சிரமம்தான், தெரியும். அவனுக்காகச் செய்யுங்கள்.

உங்கள் மாமியார் சொன்னது பொய்யில்லை. நான் படித்த காலத்தில் எங்களுக்கும் இதை வடநாட்டு நோய் என்றே சொல்லிக்கொடுத்தார்கள். டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் சக மருத்துவர்களும் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பாடத்தில் பாதிதான் சரி என்று காட்டியது. வடக்கே ஆயிரம் பேரில் எட்டு ஒன்பது பேருக்குச் சீலியாக். தெற்கே பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு. ஆனால் மரபணு? வடக்கே சோதித்தவர்களில் 38 சதவீதம், தெற்கே 36 சதவீதம். ஏறக்குறைய சமம்! வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் சராசரியாக நாளுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். உங்கள் மாமியாரின் தலைமுறையில் கும்பகோணத்தில் மூன்று வேளையும் அரிசி. தாம்பாளம் அவர்கள் வீட்டிலும் இருந்திருக்கும், வைக்கத்தான் பண்டம் வரவில்லை. கோதுமை மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பின்லாந்துக் கரேலியாவிலும் எல்லைக்கு அப்பால் ரஷ்யக் கரேலியாவிலும் மரபணுவும் ஒன்று, கோதுமை அளவும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளில் பின்லாந்துப் பக்கம் 107 பேரில் ஒருவருக்கும் ரஷ்யப் பக்கம் 496 பேரில் ஒருவருக்கும்தான் நோய் இருந்தது. குழந்தைப் பருவத்தில் வந்துபோகும் தொற்றுகளுக்கும் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்குண்டு என்று கருதுகிறார்கள். மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அல்லது இந்தப் பதிலையே படித்துக் காட்டுங்கள்.

கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன அந்த வரி. 'எட்டு வருடமாக இரும்புச்சத்து மாத்திரையில் ஓடுகிற உடம்பு.' சகோதரி, நாம் சாப்பிடும் இரும்பை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் முதல் பகுதி. சீலியாக் முதலில் தாக்கும் இடமும் அதுவே. வயிற்றுவலியோ வயிற்றுப்போக்கோ எதுவும் இல்லாமல், மாத்திரைக்கும் மசியாத சோகை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பல வருடம் இருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மாதவிடாய்தான் காரணம், கீரை சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். சீலியாக் உள்ள பிள்ளையின் தாய்மார்களில் முப்பத்திரண்டு பேரில் ஒருவருக்கு நோய் இருக்கிறது என்பது பொதுக்கணக்கு. தீராத சோகையும் சேர்ந்த தாய்க்கு அந்தக் கணக்கைவிடச் சந்தேகம் கூடுதல். இத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தீர்கள், உங்களுக்கு எடுக்கவில்லையே!

மகளோடு சேர்ந்து நீங்களும் அந்த ஆறு வாரம் கோதுமை சாப்பிடுங்கள். உங்களுக்கும் டிடிஜி ஐஜிஏ, மொத்த ஐஜிஏ, கூடவே ஃபெரிடின் (உடம்பில் சேமித்த இரும்பின் அளவு), வைட்டமின் பி12, ஃபோலேட், வைட்டமின் டி பாருங்கள். டிடிஜி பாசிட்டிவ் என்று வந்தால் அன்றே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். பெரியவர்களுக்கு எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலின் பல இடங்களில் பயாப்ஸி எடுத்து உறுதிசெய்வதே நல்லது. அதுவரை சாப்பிட வேண்டும். நெகட்டிவ் என்று வந்தால் சோகைக்கு வேறு காரணம் தேட வேண்டும். ரத்தப்போக்கு, தைராய்டு, வயிற்றுப் புண் என்று உங்கள் மருத்துவர் வரிசையாகப் பார்ப்பார். எட்டு வருடம் மாத்திரை போட்டும் தேறாத உடம்பை அப்படியே விடக்கூடாது.

இருவரின் ரிப்போர்ட்டும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். உங்களுடையதை முதலில் அனுப்புங்கள்.